அடி யாருக்குப் பாடம் கற்பிக்கிறது?

குழந்தையை அடித்தால் பலன் உண்டா என்று கேட்டால், அந்த நிமிடத்துக்கு உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். அழுகை அடங்கும், அடம் நிற்கும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

ஒரு காரியத்தைச் செய்ததும் தொல்லை ஓய்ந்துவிட்டால், அடுத்த முறையும் அதையே செய்ய மூளை பழகிவிடும். உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். அடித்ததும் வீடு அமைதியாகிறது, அடித்தவரின் கை அதைக் கற்றுக்கொள்கிறது. சரி, குழந்தை என்ன கற்றது?

அமெரிக்காவில் ஜார்ஜ் ஹோல்டன் குழுவினர் 33 குடும்பங்களில் இதைக் காதால் கேட்டார்கள். தாய்மார்கள் சில மாலைகளில் ஒலிப்பதிவுக் கருவியை அணிந்துகொண்டார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில் 41 அடிச் சம்பவங்கள் பதிவாகியிருந்தன. "சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் அடிக்கிறேன்" என்று எல்லோரும் சொல்வோம். பதிவில் கேட்டதோ வேறு: தகராறு தொடங்கிச் சராசரியாக 30 நொடியில் அடி விழுந்தது. அடி வாங்கிய பிறகு, 30 சம்பவங்களில் குழந்தை பத்தே நிமிடத்துக்குள் மறுபடி குறும்பு செய்தது.

காரணம் மூளையில் இருக்கிறது. வலியும் மிரட்டலும் வந்ததும் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொள்ள, அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயம் படபடக்கிறது, கவனம் முழுக்க எதிரில் நிற்பவரின் முகத்திலும் கையிலும் குவிகிறது. யோசித்துப் புரிந்துகொள்ளும் வேலை பின்னுக்குப் போய்விடுகிறது. "ஏன் அடித்தேன் தெரியுமா?" என்று நாம் விளக்கத் தொடங்குவது, அதைக் கேட்கும் நிலையில் குழந்தை இல்லாத நேரத்தில்தான். 2021இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 147 சிறுவர்களுக்குப் பயந்த முகங்களின் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். வீட்டில் அடி வாங்கியவர்களின் மூளை, அடி வாங்காதவர்களுடையதைவிட அந்த முகங்களுக்குக் கூடுதலாகக் கிளர்ந்தது. கடும் வதைக்கு ஆளான சிறுவர்களின் மூளை காட்டிய எதிர்வினைக்கும் இவர்களுடையதற்கும் வித்தியாசம் தென்படவில்லை. சாதாரண அடி வேறு, வதை வேறு என்று நாம் போடும் கோடு மூளைக்குத் தெரிவதில்லை போலும்.

பயம் இன்னொன்றையும் கற்பிக்கிறது. விக்டோரியா தல்வார், காங் லீ இருவரும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் 3, 4 வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் பிரம்படி வழக்கம், மற்றதில் இல்லை. "பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார், திரும்பி வந்து பார்த்தாயா என்று கேட்பார். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் பிரம்புப் பள்ளிக் குழந்தைகளே அதிகம் பொய் சொன்னார்கள், அதையும் மாட்டிக்கொள்ளாமல் சொன்னார்கள்.

மறுதரப்பின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. முரட்டுப் பிள்ளைகள்தானே அதிகம் அடி வாங்குகிறார்கள், எது காரணம், எது விளைவு என்று உளவியலாளர் ராபர்ட் லார்செலர் போன்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, தொடக்க முரட்டுத்தனத்தையும் கணக்கில் எடுக்கும் ஆய்வுகள் வந்தன. அப்போதும் அடி வாங்குவதற்கும் பிந்தைய முரட்டுத்தனத்துக்கும் உள்ள தொடர்பு மறையவில்லை, அளவு சற்றுக் குறைந்தது. 75 ஆய்வுகளைத் தொகுத்து, சுமார் 1.6 லட்சம் குழந்தைகளின் தகவல்களை 2016இல் எலிசபெத் கெர்ஷாஃப் குழு அலசியது. சராசரி பாதிப்பு சிறியதுதான். ஆனால் அடியால் பிள்ளைகள் நீண்ட காலத்தில் மேம்பட்டதற்குத் தடயம் கிடைக்கவில்லை. "நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்பவர்கள் நன்றாக இருக்கலாம். அது அடியால் வந்தது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

என்னைப் பெரிதும் கவலைப்படுத்துவது அடுத்த கட்டம். அடி பழகப் பழக அதன் அதிர்ச்சி குறையும், பழைய பலன் கிடைக்காத பெரியவர் வேகத்தைக் கூட்டுவார். கனடாவில் உறுதிசெய்யப்பட்ட உடல்வதைச் சம்பவங்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ முக்கால் பங்கு தண்டனை கொடுக்கும்போதே நடந்திருந்தது. வதைப்பவர்களில் பலர் கண்டிக்கத்தான் கையை ஓங்கினார்கள்.

ஆகவே தடுப்பு வேலை அந்த முதல் 30 நொடியில் இருக்கிறது. கைக்குழந்தை விடாமல் அழுது பொறுமை போகிறதா? அதை மல்லாக்கப் பாதுகாப்பாகத் தொட்டிலில் கிடத்திவிட்டுச் சில நிமிடம் வேறு அறைக்குப் போய்விடுங்கள். அழுதால் அதற்கு ஒன்றும் ஆகாது, பிடித்து உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியக்கூடும். அந்த நேரத்தில் குழந்தையை வாங்கிக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இருந்தால் இன்னும் நல்லது.