திட்டினால் வேலை கூடுமா?

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் சூப்பர்வைசராக இருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: "ஒரு லைனில் வேலை அமோகமாக நடந்தால் கூப்பிட்டுப் பாராட்டுகிறேன். மறுநாளே குறைந்துவிடுகிறது. மோசமாகப் போனால் நாலு வார்த்தை திட்டுகிறேன். மறுநாள் கூடிவிடுகிறது. பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடுமா சார்? மனோதத்துவம் என்ன சொல்கிறது?"

அவர் கண்ணால் கண்டது உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தலைக்கனத்தை இழுக்காமல், வெறும் கணக்கை வைத்தே இதை விளக்கிவிடலாம்.

இதே கேள்வியை 1960களில் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே வகுப்பெடுத்த உளவியலாளர் டேனியல் கானமன், தண்டனையைவிடப் பாராட்டுதான் நன்றாகக் கற்றுக்கொடுக்கும் என்றார். பயிற்சியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த தடவை சொதப்புகிறான். சொதப்பியவனைக் கத்தினால் அடுத்த தடவை ஒழுங்காக ஓட்டுகிறான்" என்றார். கானமன் தரையில் சாக்பீஸால் ஒரு குறி வரைந்தார். ஒவ்வொருவரையும் அதற்கு முதுகு காட்டி நிற்கவைத்து, திரும்பிப் பார்க்காமல் இரண்டு காசுகளை ஒன்றன்பின் ஒன்றாக எறியச் சொன்னார். முதல் காசைக் குறிக்குப் பக்கத்தில் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது காசு தள்ளிப் போனது. முதலில் தள்ளிப் போட்டவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். இத்தனைக்கும் நடுவில் யாரையும் யாரும் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்ற ஆய்வுக்காகவே 2002இல் கானமனுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இதை வீட்டிலேயே பகடையை உருட்டிச் செய்து பார்க்கலாம். ஒன்று விழுந்தால் நன்றாகத் திட்டிவிட்டு மறுபடி உருட்டுங்கள். ஆறுக்கு ஐந்து தடவை எண் கூடும், ஒரு தடவை அதே ஒன்று விழும். குறைய வழியே கிடையாது. ஆறு விழுந்தால் கைதட்டிவிட்டு உருட்டுங்கள். ஆறுக்கு ஐந்து தடவை குறையும்.

சரி, ஆலை வேலையில் கைத்திறமை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஒரு நாள் கணக்கில் திறமையோடு வேறு பலவும் கலந்துதான் வருகின்றன. அன்று வந்த பெங்களூரா பழம் பதமாகக் கனிந்திருந்ததா, லோடு நேரத்துக்கு வந்ததா, கரண்ட் நின்றதா, கூழ் பிழியும் பல்ப்பர் மெஷினில் நார் அடைத்துக்கொண்டதா? வழக்கமாக 100 கிரேட் (பெட்டி) பழம் ஓட்டும் லைன் ஒரு நாள் 80தான் ஓட்டியது என்றால், பெரும்பாலும் இதில் இரண்டு மூன்று கோளாறு ஒரே நாளில் சேர்ந்திருக்கும். மறுநாளும் அத்தனையும் சேர்வது அபூர்வம். 120 ஓட்டிய நாளில் எல்லாமே கூடிவந்திருக்கும், அதுவும் மறுநாள் அப்படியே அமையாது. சூப்பர்வைசர் வாயைத் திறந்தாலும் மூடினாலும் கணக்கு 100ஐ நோக்கித்தான் திரும்பும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஷிப்ட் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். நீங்கள் திட்டிய அந்த மோசமான நாட்களுக்கு முந்தைய நாட்களைப் பாருங்கள். பெரும்பாலும் அவையும் நன்றாகவே இருக்கும்! இன்றைய திட்டு நேற்றைய வேலையைக் கூட்டியிருக்க முடியாது அல்லவா? முன்னால் போனாலும் பின்னால் போனாலும் இதே நடக்கிறது என்றால், திட்டு வேலை செய்தது என்பதற்கு அந்த மறுநாள் கணக்கு சாட்சியாகாது. 1886இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 205 ஜோடிப் பெற்றோர், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் ஆகியோரின் உயரக் கணக்கைத் திரட்டி வெளியிட்டபோது இதைத்தான் கண்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் குள்ளம். அப்புறம் திருப்பிப் பார்த்தால், மிக உயரமான பிள்ளைகளின் பெற்றோரும் சராசரியாக அந்தப் பிள்ளைகளைவிடக் குள்ளம். மிகவும் விலகிப் போனது இப்படிச் சராசரிப் பக்கம் திரும்புவதைத்தான் 'சராசரியை நோக்கிய பின்னடைவு' என்று சொல்கிறோம்.

இதில் கொடுமை என்னவென்றால், கானமனே சுட்டிக்காட்டியதுபோல, பாராட்டுகிறவருக்கு ஏமாற்றமும் திட்டுகிறவருக்கு வெற்றியும் தினமும் கிடைத்துக்கொண்டே இருக்கும். பத்து வருட அனுபவம் என்று நாம் மதிப்பது பல இடங்களில் இப்படிப் பழகிய பழக்கம்தான். இதனால் லைனில் நின்று பேச்சு வாங்கி நொந்துபோகிற பெண்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

மெஷினுக்குத் திருஷ்டி கழிப்பதிலும் இதே கணக்குதான். ஒரே மாதத்தில் இரண்டு பேருக்குக் கை நசுங்கினால் பூசணிக்காய் உடைக்கிறார்கள். அடுத்த மாதம் விபத்து இல்லை. நம்பிக்கை கூடிவிடுகிறது. பூஜை அவரவர் விருப்பம், ஆனால் அந்த மெஷினுக்கு மூடி போடாமல் தள்ளிப்போட அது காரணமாகக் கூடாது. சராசரியே மோசமாக இருந்தால், திரும்பி வந்து சேரும் இடமும் மோசமானதுதான். அடிக்கடி விபத்து நடக்கும் தொப்பூர் கணவாய்ச் சாலையில் ஒரு மாதம் விபத்து குறைந்தால் அந்தச் சரிவும் வளைவும் சரியாகிவிட்டதாக அர்த்தமில்லை.

திட்டுக்கு உண்மையில் பலன் உண்டா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, அது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே நடக்கிறது. பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் புதுக் கொள்ளு ரகத்தைச் சோதிக்கும்போது, பழைய ரகத்தையும் அதே நிலத்தில் பக்கத்திலேயே விதைத்து ஒப்பிடுகிறார்கள். போன வருடம் வறட்சி, இந்த வருடம் நல்ல மழை. அதனால் புது ரகம் உசத்தி என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆலையிலும் சீட்டுக் குலுக்கிப் போட்டு, மோசமான நாளுக்குப் பிறகு பாதி லைன்களைக் கண்டித்தும் மீதியைக் கண்டிக்காமலும் விட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கொள்ளுக்குச் செலவிடும் அக்கறையில் கொஞ்சத்தை வேலை செய்யும் மனிதர்களுக்கும் அரசு செலவிட வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம், புள்ளியியல் படித்த இரண்டு பேரும் ஒரு சீசனும் போதும்.

அதுவரை வாசகர் ஒன்று செய்யலாம். போன சீசன் நோட்டிலிருந்து ஒவ்வொரு லைனின் சராசரியையும், அது வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் வரும் நாட்களை விட்டுவிடுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து கீழேயே இருந்தால் மட்டும் லைனுக்குப் போய்ப் பழத்தையும் பல்ப்பரையும் பாருங்கள், அங்கே நிற்கும் அக்காவிடம் என்ன சிக்கல் என்று கேளுங்கள். பாராட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மறுநாள் குறைந்ததற்கு அது காரணமில்லை.