இந்தத் தாளில் நான் எந்த நிறம்?

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசின் பயிற்சி உதவிக் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி போடப்பட்டதிலிருந்து, என் அறைக்கு வருபவர்களில் காதோரம் நரைத்தவர்கள் கூடிவிட்டார்கள். பாடம் கடினமா என்று அவர்கள் அதிகம் கேட்பதில்லை. "மேடம், எனக்கு ஓர் அட்டவணை போட்டுக் கொடுங்கள்" என்பார்கள்.

முன்பெல்லாம் போட்டுக் கொடுப்பேன். ஒரு தம்பதி வந்துபோன பிறகு விட்டுவிட்டேன். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. கணவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர், 41 வயதில் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தார். மனைவி தாதி, ஷிப்ட் வேலை. மகள் தொடக்கநிலை ஆறு. கணவரின் அம்மாவும் அவர்களோடுதான். வந்து உட்கார்ந்ததும் கணவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் உறை ஒட்டி, பளபளவென்று இருந்தது. வேலைக்கு நீலம், வகுப்புக்குச் சிவப்பு, வீட்டில் படிப்பதற்கு மஞ்சள். ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஆறு வரை பச்சைக் கட்டம். அதற்குள் 'குடும்பம்' என்று எழுதியிருந்தது.

மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "மேடம், இந்தத் தாளில் நான் எந்த நிறம்?"

கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மனைவியிடம் அவருடைய செவ்வாய்க்கிழமையைச் சொல்லச் சொன்னேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து குழம்பு வைத்துவிட்டுக் காலை ஷிப்டுக்குப் போகிறார். முடிந்து வந்ததும் மாமியாரைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப்போய், வரிசையில் உட்கார்ந்திருந்து, மாத்திரை வாங்கி வருகிறார். மகளைத் துணைப்பாட வகுப்பில் விட்டுத் திரும்ப அழைத்து வருகிறார். துணி துவைத்து, மூங்கில் கழியில் கோத்து, மழை வந்தால் ஓடிப்போய் எடுக்கிறார். கணவரின் செவ்வாய்க்கிழமையில் இரவு ஏழிலிருந்து பத்து வரை அழகாகச் சிவந்திருந்த கட்டம், இத்தனையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அவற்றுக்கு அந்தத் தாளில் நிறமே இல்லை.

அன்றிலிருந்து அட்டவணை கேட்டு வருபவர்களிடம் முதலில் வேறொன்றைக் கேட்கிறேன். நீங்கள் படிக்கப்போகும் நேரம் இப்போது யார் கையில் இருக்கிறது? வெறுமனே கிடக்கும் நேரம் என்று வீட்டில் எதுவும் இருப்பதில்லை. மனைவியிடமிருந்தோ, முதலாளியிடமிருந்தோ, பிள்ளையிடமிருந்தோதான் அதை வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டும். பெரும்பாலோர் கேட்பதில்லை, கேட்கக் கூச்சம். ஆகவே எதிர்த்துப் பேசாத ஒன்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள், அதாவது தூக்கத்திடமிருந்து.

இதில் எனக்குக் கோபமே வரும். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடைய நிலைக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். காலை ஐந்தரைக்கு எழுந்தவருக்கு இரவு பத்தரையோடு அந்தப் பதினேழு மணி நேரம் முடிகிறது. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுச் சரியாக அந்த நேரத்தில்தான் அவர் கணினியைத் திறந்து கட்டுரை எழுதத் தொடங்குகிறார். மறுநாள் படித்துப் பார்த்தால் பாதியை அழிக்க வேண்டியிருக்கும்.

நானும் இதைச் செய்தவள்தான். முதுகலை படித்த நாட்களில், மகன் நீட்டிய பள்ளிப் படிவத்தில் அரைத் தூக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். வெளியே அழைத்துப்போகிறோம், சாப்பாடு கொடுத்தனுப்புங்கள் என்று அதில் இருந்திருக்கிறது. அன்று அவன் நண்பனின் ரொட்டியில் பாதியைச் சாப்பிட்டான். இன்றும் சமயம் பார்த்துச் சொல்லிக் காட்டுவான்.

இன்னொன்று, நம் கணக்கே தப்பாக இருக்கும். கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்ட ஓர் ஆய்வு 1994இல் வெளியானது. சராசரியாக 33.9 நாள் என்றார்கள், ஆனது 55.5 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன கணக்கையும் அது தாண்டிவிட்டது. அவர்கள் முழுநேர மாணவர்கள். மாமியார், ஷிப்ட், துணைப்பாட வகுப்பு உள்ளவர்கள் எவ்வளவு கூட்டிப்போட வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் படிக்கலாமே என்பார்கள். உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே விரிவுரையைக் கேட்கலாம், சொற்பட்டியலைப் புரட்டலாம். கட்டுரை எழுத முடியாது.

முதலாளியிடம் கேட்பதற்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்காக அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் எழுத்து மூலம் முறையாக விண்ணப்பித்தால் நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுக்கலாம், ஆனால் வேலை சார்ந்த நியாயமான காரணம் இருக்க வேண்டும். வகுப்புள்ள நாட்களில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து முன்னதாகக் கிளம்புவதையும் இப்படிக் கேட்கலாம். அந்த இரண்டு மாதத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜூலையில் பருவம் தொடங்கினால் ஏப்ரலிலேயே கடிதம் போயிருக்க வேண்டும். தேர்வு விடுப்பு வேறு விஷயம். சட்டப்படி அது கட்டாயமில்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. நாம் எல்லாவற்றுக்கும் வாய்மொழியாகத் தலையாட்டிப் பழகியவர்கள், ஆகவே திரும்பச் சொல்கிறேன்: எழுதிக் கேளுங்கள்.

நம் வீடுகளுக்கென்றே இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. ஆண்டின் இரண்டாம் பருவத் தேர்வுகள் பெரும்பாலும் நவம்பரை ஒட்டி வரும். தீபாவளி 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. அதற்கு முந்தைய வாரங்களில் தேக்கா கடைத்தெருவுக்கு அலைச்சல், முறுக்கு, விருந்தினர். வீட்டில் தொடக்கநிலை ஆறு படிக்கும் பிள்ளை இருந்தால், செப்டம்பர் கடைசியில் தொடங்கும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தேர்வுகளும் சேர்ந்துகொள்ளும். இது திடீரென்று வந்து விழுவதில்லை. ஜனவரியிலேயே நாட்காட்டியில் இருக்கிறது. அந்தப் பருவத்தில் மூன்று பாடம் எடுக்க வேண்டாம், ஒன்று போதும் என்று நான் சொன்னால் முகம் சுருங்கிவிடும். பட்டம் ஓராண்டு தள்ளிப்போவதை ஏதோ பெயில் ஆனதைப் போல எடுத்துக்கொள்கிறார்கள். அதிகபட்சம் எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். முறுக்கைக் கடையில் வாங்கினாலும் தீபாவளி நடக்கும். அதை மாமியாரிடம் சொல்ல வேண்டியது யார் என்பது அந்தந்தக் குடும்பத்தின் பாடு.

அந்தத் தம்பதி என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். பளபளத்த தாள் குப்பைக்குப் போனது. இப்போது அவர்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் கோடு போட்ட வெறும் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. பென்சிலில்தான் எழுதுகிறார்கள், மனைவியின் ஷிப்ட் மாதத்துக்கு மாதம் மாறுகிறதே. பலதுறை மருந்தகத்துக்கு இப்போது கணவர் போகிறார், பாடப் புத்தகத்தோடு. அங்கே வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் நன்றாகப் படிக்க முடிகிறதாம்.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஒரு பாடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளி வைத்தால் பார்ப்பவர்கள் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருந்தார். பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசித் தேதியை மட்டும் பதிலாக அனுப்பினேன்.