அக்கவுண்ட் வாடகைக்கு விடப்படும்

போன வாரம் என் வக்கீல் ஆபீசுக்கு வந்த பையன், வங்கிக் கணக்கைக் காசுக்கு இரவல் கொடுத்து மாட்டியவர்களில் இந்த வருஷத்தில் பதினொன்றாவது ஆள். எல்லாருமே கல்லூரி மாணவர்கள், எல்லாருமே பாரிமுனைக்கு வடக்கே: தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர். லிங்கிச் செட்டித் தெருவில் இரண்டு மாடி ஏறி அம்மாவோடுதான் வருவார்கள், அப்பாவுக்கு விஷயம் இன்னும் தெரியாது. உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் சொல்கிற முதல் வாக்கியம்கூட எல்லாருக்கும் ஒன்றுதான்: "அக்கா, நான் அந்தக் காசைத் தொடவே இல்லை."

தொட்டாயா என்று யாருப்பா கேட்டார்கள்?

இவன் பி.காம். இரண்டாம் வருஷம். கல்லூரியில் கூடப் படிப்பவனின் நண்பன் ஒருவன், "ஆன்லைன் கேம் கம்பெனிக்கு அக்கவுண்ட் வேணும் மச்சான், ஒரு வாரம்தான்" என்று கேட்டிருக்கிறான். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, அந்தக் கணக்கோடு இணைத்த புது சிம், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டீக்கடையில் வைத்துக் கொடுத்துவிட்டு 5,000 ரூபாய் வாங்கி வந்திருக்கிறான். அது கல்லூரி மாணவர்களுக்கு அரசு உதவித்தொகை தருகிற தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்காகத் திறந்த கணக்கு, மாதம் 1,000 ரூபாய் அதில்தான் வரும். ஒரு மாதம் கழித்துக் கிளைக்குப் போனால் ஹோல்ட் போட்டிருக்கிறது என்றார்கள். வட மாநிலத்தில் ஏதோ ஒரு ஊரின் சைபர் போலீஸ் சொல்லி முடக்கியது. இரண்டே நாளில் எட்டு லட்சம் உள்ளே வந்து வெளியே போயிருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவரை வீடியோ காலில் போலீஸ் மாதிரி மிரட்டி, 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்து கறந்த பணம். பையனுக்கும் விசாரணை நோட்டீஸ் வந்துவிட்டது. (இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. அது தனிக் கட்டுரை, இன்னொரு நாள்.)

பையனின் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். "எம்புள்ள ஒத்த ரூபா எடுக்கலமா, அவனுக்கு இன்னாத்துக்கு நோட்டீஸு?" என்று அவரும் அதையேதான் கேட்டார். அவருக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன். உங்கள் மாமா படகை ஒருத்தன் ஒரு வாரம் வாங்கிக்கொண்டு போகிறான், நடுக்கடலில் கடத்தல் சரக்கோடு மாட்டுகிறான் என்று வையுங்கள். பிடிக்கிறவன் முதலில் பார்ப்பது சுக்கானைப் பிடித்தவன் முகத்தையா, படகில் எழுதியிருக்கிற நம்பரையா? சரக்கு மாமாவுடையது இல்லைதான். ஆனால் நம்பர் அவருடையது, முதலில் ஆள் தேடி வருவது அவர் வீட்டுக்கு. இதைச் சொன்னதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, பி.காம். படிக்கிறவனுக்குத்தான் புரியவில்லை.

இந்த ஒரு விஷயத்தை எத்தனை தடவை சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. திரும்பவும் சொல்கிறேன். உன் கணக்கில் காசு இல்லை என்பதால் அதைக் கொடுத்தால் நஷ்டம் இல்லை என்று நினைக்கிறாய், ஆனால் மோசடிக்காரனுக்கு உன் காசு தேவையே இல்லை. அவன் வாங்குவது உன் பெயர், உன் ஆதார், இதுவரை எந்த வழக்கும் இல்லாத உன் சுத்தமான வரலாறு. கணக்குதான் சரக்கு. தன் பெயரில் கணக்கு வைத்துக்கொண்டு திருட முடிந்தால் உனக்கு எதற்கு 5,000 தருகிறான்?

அடுத்தது, "எனக்குத் தெரியாதுக்கா." சரி, உண்மையாகவே தெரியாமல் இருக்கலாம். தெரிந்து செய்தானா, ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று சட்டம் பார்க்கத்தான் செய்யும், நானும் அதைத்தான் வாதாடுவேன். ஆனால் அது விசாரணையில், வருஷக்கணக்கில் வாய்தா ஓடி, சாட்சிகள் கூண்டேறி இறங்கிய பிறகு. அதற்குள் உனக்கு இருபத்தைந்து வயது ஆகியிருக்கும். அதுவும் போக, நேர்மையான கம்பெனி எதுவும் வெறும் கணக்குக்கு வாரம் 5,000 வாடகை தராது என்பது உனக்குத் தெரியாதா, ஓடிபி வருகிற சிம்மையும் சேர்த்து எதற்குக் கொடுத்தாய் என்று அரசுத் தரப்பு கேட்கும், அந்தக் கேள்விக்கு என்னிடமே நல்ல பதில் இல்லை. பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இல் ஏமாற்றுக் குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி-இல், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதற்கு, மூன்று ஆண்டு வரை, ஒரு லட்சம் வரை அபராதமும். வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் விசாரணை, அரசு வேலை விசாரணை எல்லாவற்றிலும் இது தலைகாட்டும்.

இந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை, அதுதான் எனக்கு வலிக்கிறது. காத்திருக்கும்போது பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கொடுங்கையூரில் குப்பை எரிஉலை ஏன் கூடாது என்று ஒருத்தன் அரை மணி நேரம் பேசினான், எண்ணூர்க்காரப் பெண் ஒருத்தி 2023 டிசம்பரில் எண்ணெய் படிந்த கழிமுகத்தைப் பற்றி ஒரு அதிகாரிகூடச் சொல்லாத தெளிவோடு சொன்னாள். நகரத்தைப் பற்றி அவர்களுக்குக் கோபம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வேலையெல்லாம் பழைய மகாபலிபுரம் சாலையில், குப்பையும் சாம்பலும் இந்தப் பக்கம் என்கிறார்கள். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது, அதில் ஏறி இறங்கிய பிறகும் இன்னும் இரண்டு பஸ் மாற வேண்டும், பார்ட் டைம் வேலைக்குப் போய்த் திரும்பினால் படிக்க நேரம் எங்கே என்று கேட்கிறார்கள். பயோடேட்டாவில் வியாசர்பாடி என்று எழுதினால் கூப்பிட மாட்டார்கள் என்று பெரம்பூர் என்று எழுதுகிறார்கள், பின்கோடு 39 என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று அதையும் விட்டுவிடுகிறார்கள். தன் ஊர்ப் பெயரைக் கொடுக்கவே இவ்வளவு யோசிக்கிற பையன், சொந்தப் பெயரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறான்.

ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நானும் ராயபுரத்தில் வளர்ந்தவள். நம் பக்கத்தில் பெயரை இரவல் கொடுப்பது தப்பே இல்லை, பெருந்தன்மை. ஒருத்தி பெயரில் கேஸ் கனெக்‌ஷன், இன்னொருத்தி வீட்டில் அடுப்பு. மச்சான் பெயரில் பைக் லோன், ஓட்டுகிறவன் வேறு. குழுக் கடன் ஒருத்தி எடுப்பாள், செலவு செய்கிறவள் எதிர்வீட்டுக்காரி. இருபது வருஷத்துக்கு முன் நான் ஜூனியராக இருந்தபோது சீனியர் அறையில் பாதி வழக்குக் கட்டு இந்த வகைதான்: துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர், கூட வேலை செய்கிறவருக்காக ஃபைனான்ஸில் ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டியவர். அப்போதும் "நான் காசைத் தொடலம்மா" என்றுதான் சொன்னார்கள். இன்று அதே பெருந்தன்மையைத்தான் ஒருவன் மொத்த விலைக்கு வாங்குகிறான். 'மச்சான்' என்று கூப்பிடுகிறவனிடம் எப்படி இல்லை என்பது என்பதுதான் பலருடைய சிக்கல், காசு இரண்டாம் பட்சம்.

பெண்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் இங்கே பக்கத்தில், பாரதி மகளிர் கல்லூரியில்தான் மாணவிகளுக்கான உதவித்தொகைத் திட்டமான புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். அதற்காகத் திறந்த கணக்கை அண்ணன் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்த வழக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. கார்டு எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. கண்ணு, உன் ஏடிஎம் கார்டு உன் பையில் இருக்கட்டும். அண்ணனாக இருந்தாலும்.

இன்னும் கொடுக்காதவர்களுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை, கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் யார் அனுப்பியது என்று தெரியாத பணம் வந்து, "தவறி வந்துவிட்டது, இந்த நம்பருக்கு அனுப்பு" என்று போன் வந்தால் அனுப்பாதீர்கள், எடுக்கவும் எடுக்காதீர்கள், கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? திட்ட நேரமில்லை, இன்றைக்கே கிளைக்குப் போங்கள். கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சும்மா வாயால் சொல்லிவிட்டு வந்தேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. சிம்மை நிறுத்துங்கள். சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ நீங்களாகவே தகவல் சொல்லுங்கள், போலீஸ் தேடி வந்த பிறகு சொல்வதற்கும் முன்பே சொன்னதற்கும் நீதிமன்றத்தில் நிறைய வித்தியாசம் உண்டு.

நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) நோட்டீஸ் என்பது கைது இல்லை, விசாரணைக்கு வா என்கிற அழைப்பு. ஒத்துழைத்தால் சாதாரணமாகக் கைது வராது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்ததும் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஆனால் நோட்டீஸை மதிக்காமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். ஏரியாவில் 'ஸ்டேஷன்ல ஆள் இருக்கு, முடிச்சுக் குடுக்கிறேன்' என்று ஒருவர் வருவார், அவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அந்த ஸ்டேஷன் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இவருக்கு அங்கே யாரையும் தெரியாது.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100, இலவசச் சட்ட உதவி. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் வருமான வரம்பே கிடையாது. என் நம்பர் போடவில்லை என்று திட்ட வேண்டாம், பார் கவுன்சில் விதி 36-படி வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது.

அந்த பி.காம். பையனுக்கு நோட்டீஸில் போட்டிருந்த தேதி செமஸ்டர் தேர்வு நாள். ஹால் டிக்கெட்டை இணைத்து அவகாசம் கேட்டு மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்பியிருக்கிறோம். அம்மாவைக் கீழே டீ குடிக்க அனுப்பிவிட்டு, கணக்கு கேட்டவனோடு பேசிய வாட்ஸப்பைக் காட்டு என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"பயந்துபோய் அன்னைக்கே டெலிட் பண்ணிட்டேன்க்கா. அவன் நம்பரையும் சேத்து."

'ஒரு வாரம்தான்', 'கேம் கம்பெனி', எல்லாம் அதில்தான் இருந்தது. அவனுக்குத் தெரியாது என்று காட்ட நம் கையில் இருந்தது அது ஒன்றுதான்.