வண்டி இழுக்கவில்லை என்றால் மலையை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த என்ஜினும் மேலே வந்தால் சற்றுச் சோர்ந்துதான் போகும். "இங்கே எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று எல்லாரும் சொல்வதற்கு இதுவே காரணம். மேனிபோல்டு பேக்கிங் போன வண்டிகளும் அந்தப் பேச்சிலேயே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. குன்னூரில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது பெரிய கவலை.

என்ஜினின் மேல் பகுதியான ஹெட்டோடு மேனிபோல்டு எனப்படும் இரண்டு கிளைக் குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே கொண்டுவருகிறது, மற்றொன்று புகையை வெளியேற்றுகிறது. இரண்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுப்பதுதான் கேஸ்கட். பட்டறையில் பேக்கிங் என்போம். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைச் செகண்ட் கியரில் ஏறும்போது புகைப் பக்கத்து இரும்பு கொதித்து விரிகிறது. இறங்கும்போது மழையிலும் பனியிலும் சுருங்குகிறது. தினமும் இதே பாடு என்றால் பேக்கிங் எத்தனை காலம் தாங்கும்?

கோத்தகிரி டாக்சி ஓட்டுநர் ஒருவர் அண்மையில் சொன்னார்: "காலையில் மட்டும் டிக் டிக் என்று கேட்கிறது அண்ணா, கொஞ்ச தூரம் போனதும் தானாகச் சரியாகிவிடுகிறது." சரியாகவில்லை. சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். முன்பு பார்த்தவர்கள் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்து வால்வு இடைவெளியைச் சோதித்திருக்கிறார்கள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிபோல்டு ஓரமாக நகர்த்தினேன். மூன்றாவது சிலிண்டர் அருகே சத்தம் பளிச்சென்று கேட்டது. விளக்கடித்துப் பார்த்தால், மேனிபோல்டைப் பிடிக்கும் திருகாணியான ஸ்டட்டின் அடியிலிருந்து அலுமினிய ஹெட்டின் மேல் விரல் நீளத்துக்குக் கரிக்கோடு ஓடியிருந்தது. அந்தக் கரியைப் பார்த்த பிறகு வேறு சாட்சி தேவையில்லை.

சத்தத்தைவிட எனக்கு அச்சம் தருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். பானட்டுக்குள் கசியும் புகை, கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளை வழியாகவும் கேபிள் நுழையும் ஓட்டைகள் வழியாகவும் வண்டிக்குள் வரலாம். குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போகிற ஊர் நம்முடையது. தலைவலியும் குமட்டலும் வந்தால் வளைவுகளின் வேலை என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டுப் போகிறோம். ஒன்றைக் கவனியுங்கள்: வளைவு மயக்கம் ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. ஓட்டுநருக்கும் தலை வலிக்கிறது, கீழே இறங்கி நின்றால் தெளிகிறது என்றால் உடனே என்ஜினை நிறுத்தி எல்லாரையும் வெளியே இறக்குங்கள். யாருக்காவது மயக்கம் தெளியவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். அப்படிப்பட்ட வண்டியைச் சரிசெய்யும் வரை ஓட்டவே கூடாது.

மைலேஜும் அடிபடும். புகைப் பக்கத்துக் கசிவு வழியே வெளிக்காற்று உறிஞ்சப்பட்டால், புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து, பெட்ரோல் போதவில்லை என்று கணக்குச் சொல்லும். வண்டியின் கணினி மேலும் பெட்ரோலை ஊற்றும்.

காற்றுப் பக்கத்துப் பேக்கிங் போனால் அறிகுறி வேறு. ஸ்லோ (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) ஒரு நிலையில் நிற்காது, உஸ்ஸென்று சத்தம் வரும், சிக்னலில் அணையும். இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அது ரப்பர். உறைபனிக் காலையில் விறைத்துக் கசியும், சூடானதும் இளகி அடைபடும். காற்றுப் பக்கத்து உறிஞ்சலை அளக்கும் வெற்றிட மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் உயரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயிரம் அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் (மீட்டரின் பாதரச அளவு) குறையும். மேட்டுப்பாளையத்தில் 19 காட்டும் நல்ல என்ஜின் ஊட்டியில் 13 அருகேதான் காட்டும். சமவெளிக் கணக்கை இங்கே வைத்து நல்ல என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

புகைப் பக்கத்துப் பேக்கிங் மாற்றுவதில் பொருளின் விலை சிறிது, கூலிதான் பெரிது. துருப்பிடித்த ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்தால் வேலை இரட்டிப்பாகிவிடும். அதனால் முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வைக்கிறேன். மேனிபோல்டைக் கழற்றியதும் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜால் சோதிக்க வேண்டும். வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன்படுத்தாமல் புதுப் பேக்கிங் போடுவது வீண். விரிசலும் இருக்கிறதா என்று பாருங்கள். உலோகப் பேக்கிங்கை உலர்ந்த நிலையிலேயே, பேஸ்ட் எதுவும் பூசாமல் மாட்ட வேண்டும். கண்ட சிலிக்கான் பசையைப் பூசினால் ஆக்சிஜன் சென்சாரும் கெடும். நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரமாக, இரண்டு மூன்று தவணைகளில், கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடவே வேண்டாம். மாற்றிய சில மாதங்களில் மறுபடி போனால் என்ஜின் மவுண்டிங்கையும் சைலன்சர் தாங்கு ரப்பர்களையும் பாருங்கள். அவை அறுந்திருந்தால் வளைவுக்கு வளைவு சைலன்சரின் பாரம் முழுவதும் மேனிபோல்டில்தான் தொங்கும்.

சந்தேகமிருந்தால் முதல் நாள் இரவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போங்கள். காலையில் ஓட்டிக்கொண்டு வந்தால் என்ஜின் சூடாகிவிடும், அந்த டிக் டிக் சத்தம் பிடிபடாது.