பீன்ஸ் வேரைக் கிள்ளிப் பார்த்த வகுப்பு

மண் ஆய்வுதான் என் வேலை. மாதத்தில் ஒரு நாள் நீலகிரியில் கேத்தி பலாடாவைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருப்பேன். அவர்களில் பலர் தோட்டத்தில் ஒரு கை வேலை பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். கேரட்டை எப்போது பிடுங்கலாம், எந்த மழைக்கு உருளைக்கிழங்கு அழுகும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அறிவியல் என்றதும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் சொல்வதை எழுதக் காத்திருப்பார்கள். தோட்டம் வேறு, பாடம் வேறு என்று அந்த வயதிலேயே பிரித்து வைத்துவிட்டார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

அதனால் படம் போட்டுக் காட்டுவதை விட்டுவிட்டேன். பூவெடுத்த பீன்ஸ் செடி ஒன்றை, பிடுங்காமல் தோண்டி எடுத்து வரச் சொல்கிறேன். பிடுங்கினால் வேர் முடிச்சுகள் மண்ணோடு நின்றுவிடும். கடுகு, மிளகு அளவில் இருக்கும் அந்த முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்துக்கு நிறம் தரும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம் ஒன்று அங்கே இருக்கிறது. உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. சிவப்பு தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம்தான் வகுப்பு சூடு பிடிக்கும். ஒருவன் கொண்டுவந்த வேர் நிறைய முடிச்சு, பக்கத்தில் இருப்பவள் வேரில் ஒன்றுமே இல்லை. ஏன்? அவரவர் வீட்டில் என்ன உரம், எவ்வளவு போட்டார்கள் என்று அவர்களே விசாரிக்கத் தொடங்குவார்கள். நைட்ரஜன் உரமான யூரியா தாராளமாகக் கிடைக்கிற மண்ணில் செடி இந்தக் கூட்டாளியைத் தேடுவதில்லை, முடிச்சு குறைந்துவிடும். நீலகிரி மண்ணின் புளிப்புத்தன்மையும் ஒரு காரணம். இங்கே டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூளைப் போடுவது அந்தப் புளிப்பைக் குறைக்கத்தான்.

"அப்போ யூரியாவே போடக் கூடாதா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். அப்படி இல்லை. கேரட்டுக்கு முடிச்சு கிடையாது. பீன்ஸும் பயறு வகைகளிலேயே நைட்ரஜன் பிடிப்பதில் சற்றுப் பின்தங்கியதுதான். மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை மூட்டையாகக் காய் போகும்போது மண்ணின் சத்தும் சேர்ந்தே மலையிறங்குகிறது. அதை எருவாகவோ உரமாகவோ திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யலாம். இதைப் பிள்ளைகளிடம் மறைத்து, உரம் என்றாலே விஷம் என்று சொல்லிவிட்டு வருவது தவறு.

பள்ளிகளுக்குப் போகும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருடம் வீட்டுத் தோட்டத்து மண்ணைக் கொண்டுவரச் சொல்லி, மிஞ்சியதைப் பள்ளித் தோட்டத்தில் கொட்ட விட்டேன். அது என் தவறு. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நுண்ணிய மண்புழு வகையல்லாத புழுவான முட்டைக்கூடு நூற்புழு 1961லேயே நீலகிரியில் கண்டறியப்பட்டது. குண்டூசித் தலை அளவுள்ள ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள், பல வருடங்கள் உயிரோடு இருக்கும். செருப்பிலும் மண்வெட்டியிலும் ஒட்டிய மண்ணே அது பரவப் போதும். இப்போது வேரைச் சொந்தத் தோட்டத்திலேயே கழுவிவிட்டு வரச் சொல்கிறேன். மண் வந்தால் மூடிய பாட்டிலில் வந்து, அதே தோட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் பாட்டில் சோதனை எளிது. மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் தங்கும். வண்டல் தங்கச் சில மணி நேரம் ஆகும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும்.

போன நவம்பர் மழையில், யூரியா பற்றிக் கேட்ட அதே பெண், தன் வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வகுப்பு ஜன்னலில் வைத்திருந்தாள். மறுநாள் அடியில் ஒரு விரற்கடை மண். "இது யார் தோட்டத்து மண் மிஸ்?" என்றான் பின்வரிசைப் பையன். மழை விட்டதும் ஆசிரியரோடு ஓடையை ஒட்டி மேலே நடந்தோம். சரிவுக்குக் குறுக்கே பாத்தி எடுத்து, ஓரத்தில் புல் விட்டிருந்த தோட்டத்திலிருந்து ஏறக்குறையத் தெளிந்த நீர் வந்தது. அடுத்ததில் பாத்திகள் மேலிருந்து கீழாக ஓடின. அங்கே அந்தப் பையன் நின்றுவிட்டான். அது அவன் மாமாவின் தோட்டம். சாயங்காலமே அவரிடம் பேசப் போவதாகச் சொல்லி, பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.