"வயசானா மூச்சு வாங்கத்தானே செய்யும்?" முதுமையில் தளரும் சுவாசத் தசைகளைப் பற்றி

திண்ணையிலிருந்து கொல்லைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெரியவர் சொல்கிறார். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். ஈசிஜி, எக்கோ இரண்டிலும் பெரிய கோளாறு இல்லை. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது. "வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். காற்றை உள்ளே இழுக்கும் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

நுரையீரல் தானாக விரியாது. அதற்கென்று தசை கிடையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோலக் கவிந்திருக்கும் உதரவிதானமும், விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும் இழுத்தால்தான் அது விரியும். இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றுத் தசைகள் வேலை செய்கின்றன. கை கால் தசைகள் வயதோடு இளைப்பதுபோல இவையும் இளைக்கின்றன. இளைஞர்களோடு ஒப்பிட்டால் ஆரோக்கியமான முதியவர்களின் உதரவிதானத்தின் பலம் 13 முதல் 25 சதவீதம் வரை குறைந்திருப்பதாக வெவ்வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. தசை இளைப்பது பாதிக் கதைதான். விலாக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்து நெஞ்சுக்கூடு இறுகுகிறது. முதுகு கூன் விழுந்தால் உதரவிதானம் இழுக்க வேண்டிய கோணமே மாறிப்போகிறது. தசைக்குப் பலம் குறையும் அதே காலத்தில் அது இழுக்க வேண்டிய சுமை கூடிக்கொண்டே போகிறது.

ஆனாலும் வயதாலான இயல்பான குறைவு வேறு, நோய் என்று பெயர் சூட்ட வேண்டிய தளர்வு வேறு. இரண்டையும் பிரிக்க ஒரு வரையறை வேண்டும். உடல் தசை இளைப்புக்குச் 'சார்கோபீனியா' என்ற பெயர் 1980-களின் இறுதியில் வந்தது. மூச்சுத் தசைகளுக்கு வந்தால் அது 'சுவாச சார்கோபீனியா'. 2023-ல் ஜப்பானின் நான்கு தொழில்முறை அமைப்புகள் சேர்ந்து இதற்கு ஒரு வரையறை தந்தன. மூச்சுத் தசையின் பலமும் குறைந்திருக்க வேண்டும், அந்தத் தசையின் அளவும் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சுவாச சார்கோபீனியா. மூச்சுத் தசையின் அளவைப் படமெடுத்துப் பார்க்க வசதியில்லாத இடத்தில், மூச்சுப் பலமும் குறைந்து கை கால் தசையும் இளைத்திருந்தால் 'இருக்கக்கூடும்' என்று எழுதலாம். பலம் மட்டும் குறைந்து தசை அளவு சரியாக இருந்தால் அது வெறும் பலவீனம். அந்தப் பலவீனத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

கடைசி வாக்கியம்தான் நடைமுறையில் மிக முக்கியம். தைராய்டு குறைவு, பொட்டாசியம் குறைவு, நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை, மயஸ்தீனியா போன்ற நரம்புத் தசை நோய் ஆகியவை மூச்சுத் தசையைத் தளர்த்தும். இவற்றுக்குத் தனித்தனிச் சிகிச்சை உண்டு. வயதின் மேல் பழி போட்டால் அது தவறிப்போகும்.

பலத்தை அளப்பது எப்படி

வாயால் உறிஞ்சும் அதிகபட்ச அழுத்தத்தை ஒரு சிறிய கருவி அளக்கும். பெரியவரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்குக்கு கிளிப் போட்டு, காற்றை முழுவதும் வெளியே விடச் சொல்ல வேண்டும். பிறகு அடைத்த குழாய் வழியாக முழுப் பலத்தோடு உள்ளே இழுக்க வேண்டும். குறைந்தது ஒன்றரை நொடி அந்த இழுப்பு நிற்க வேண்டும். குழாயில் 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இருக்கும். அது பழுது இல்லை. இளநீரை உறிஞ்சுவதுபோலக் கன்னத்தை ஒடுக்கியே பெரிய எண்ணைக் காட்டிவிட முடியும். அந்தத் துளை அதைத் தடுக்கிறது. முதல் முயற்சியின் எண்ணை நம்பக் கூடாது. பழகப் பழகக் கூடும். ஒன்றுக்கொன்று நெருங்கிய மூன்று முயற்சிகள் கிடைக்கும்வரை, இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்துத் தொடர வேண்டும்.

ஆண் 80 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு (மூச்சு அழுத்தத்தை அளக்கும் அலகு இது) மேலும், பெண் 70-க்கு மேலும் இழுத்துக் காட்டினால் பொருட்படுத்த வேண்டிய பலவீனம் இல்லை என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். அதற்குக் கீழே வந்ததாலேயே பலவீனம் என்று முடிவுகட்ட முடியாது. 65 வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 2.5 வரை இயல்பாகவே குறையும். காது மந்தமாக இருந்து சொன்னது புரியாமல் போனாலும், உதட்டோரம் காற்று கசிந்தாலும் எண் விழும். பல்செட் வைத்திருப்பவர் அதைக் கழற்றாமலே இழுக்க வேண்டும். நம் பகுதியில் இன்னொன்றும் உண்டு. வெற்றிலை பாக்கு நெடுங்காலம் போட்டு வாய் இறுகியவர்களுக்குக் குழாயைச் சரியாகக் கவ்வ வராது. அவர்களுக்கு மூக்கால் சட்டென்று மோந்து இழுக்கும் அழுத்தத்தை அளக்கும் முறையே பொருந்தும்.

தசையின் அளவை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். வலப்பக்கம் கல்லீரலுக்கு மேலே, அக்குளுக்கு நேர்கீழே 8, 9-ஆம் விலாக்களுக்கு இடையில் வைத்தால் உதரவிதானம் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுப்புப் பட்டையாகத் தெரியும். மூச்சை விட்ட நிலையில் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மெலிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மூச்சை இழுக்கும்போது அது 20 சதவீதம்கூடத் தடிக்கவில்லை என்றால் தசை வேலையே செய்யவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கருவிகள் இல்லாத இடத்தில் உடல் தசையிலிருந்து தொடங்கலாம். ஆசியர்களுக்கான 2019 வரையறைப்படி, கைப்பிடி பலம் ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழும் பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழும் இருந்தால் குறைவு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடி அல்லது அதற்கு மேல் பிடித்தாலும் குறைவு. கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தசை இளைப்பைச் சந்தேகிக்க வேண்டும். வீங்கிய காலை அளந்தால் ஏமாந்துபோவோம். யானைக்கால் நெடுங்காலம் இருந்த கும்பகோணம் வட்டாரத்தில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன் வந்த வீக்கம் அப்படியே நின்றிருக்கும். உள்ளே தசை கரைந்திருப்பதை டேப் காட்டாது.

இருமலைக் கேளுங்கள்

சும்மா உட்கார்ந்து மூச்சு விடத் தேவையான பலம் மிகக் கொஞ்சம். அதனால்தான் இந்தத் தளர்வு பல வருடம் வெளியே தெரிவதில்லை. முதுமையில் முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் தசை நார்கள். இருமலுக்கும் தும்மலுக்கும் அவைதான் வேண்டும். ஆகவே மூச்சு வாங்குவதற்கு முன்பே இருமல் சொத்தையாகிவிடும். "சளி தொண்டை வரைக்கும் வருது, வெளிய வரமாட்டேங்குது" என்று சொல்பவருக்குச் சளி மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. தள்ளும் விசை இல்லாததுதான் சிக்கல்.

ஆஸ்துமாக்காரர்கள் ஊதும் பீக் ஃப்ளோ மீட்டரையே வாயில் வைத்து, ஆழ மூச்செடுத்து அதற்குள் பலமாக இருமச் சொன்னால் இருமலின் வேகம் கிடைக்கும். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே வந்தால் சளிக்காய்ச்சலின்போது நெஞ்சில் சளி தங்கும் ஆபத்து உண்டு. 160-க்குக் கீழே போனால் சளியை வெளியேற்றவே முடியாது. இவை நரம்புத் தசை நோயாளிகளிடமிருந்து கிடைத்த எல்லைகள், முதியவர்களுக்கு வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மார்கழிப் பனியில் சளி பிடித்தபோதும், தை அறுப்பில் நெல் தூசியும் சுணையும் மூச்சுக்குள் போனபோதும், வீட்டில் உள்ள மற்றவர்கள் நான்கு நாளில் தேற, பெரியவருக்கு மட்டும் நிமோனியா ஆவதற்கு இந்தச் சொத்தை இருமலும் ஒரு காரணம். கஞ்சி, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவதும் அதே வீட்டில் நடந்தால் இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். படுத்தபடியோ சாய்ந்தபடியோ ஊட்டுவதை அன்றே நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய எளிய கணிப்பு ஒன்று உண்டு. மூச்சை நிறைய இழுத்து, ஒரே மூச்சில் உரக்க எண்ண வேண்டும். நொடிக்கு இரண்டு எண். தமிழில் இருபதுக்கு மேல் போனால் சொற்கள் நீண்டுவிடும் என்பதால் ஒன்று முதல் பத்து வரையே திரும்பத் திரும்ப எண்ணி, பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல பலமுள்ளவர் 40, 50 வரை போவார். 15-ஐ எட்டவே திணறினால் காத்திருக்கக் கூடாது. நடுவில் நிற்பவர்களுக்குப் போன மாதம் அவர்களே எண்ணியதோடு ஒப்பிடுவதுதான் பயன்தரும்.

மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை கூடிக்கொண்டே போகிறது, மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே வராமல் உள்ளே போகிறது என்றால் உதரவிதானம் கடுமையாகத் தளர்ந்திருக்கலாம். இதயச் செயலிழப்பிலும் படுத்தால் மூச்சு முட்டும், எனவே இரண்டையும் பார்த்தாக வேண்டும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை கரியமில வாயு தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். இமை தொங்குவது, சாயங்காலம் ஆக ஆகக் குரல் மங்குவது நரம்புத் தசை நோயை நினைவூட்ட வேண்டும். சளியில் ரத்தமும் எடை குறைவும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனைதான் முதலில். ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது என்பது இவற்றில் எதற்கும் பதில் ஆகாது. அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சொல்லும். தசை எவ்வளவு திணறி அதைக் கொண்டுவருகிறது என்று சொல்லாது.

பலப்படுத்துவதில் நடக்கும் தவறுகள்

மூச்சை உள்ளிழுத்து மேலே ஏற்றும் மூன்று பந்துக் கருவி பல வீடுகளின் அலமாரியில் கிடக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்தது. நுரையீரல் ஒடுங்காமல் விரிந்திருக்க அது உதவும். ஆனால் அது தசைக்குச் சுமை தருவதில்லை. மூன்று பந்தும் மேலே போவதால் தசை பலமாகிவிட்டது என்று பொருள் இல்லை. பலூன் ஊதுவதோ வெளியே விடும் வேலை, உள்ளிழுக்கும் தசைக்கு அதனால் பெரிய லாபமில்லை.

வேண்டியது ஸ்பிரிங் வைத்த உள்ளிழுப்புப் பயிற்சிக் கருவி. குறித்த அழுத்தத்தை எட்டினால்தான் அதன் வால்வு திறக்கும். அளந்த உச்ச அழுத்தத்தில் 30 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம். 50 செ.மீ. இழுப்பவருக்கு 15-ல் வைக்க வேண்டும். ஒரு வேளைக்கு 30 மூச்சு, காலையும் மாலையும், வாரத்தில் குறைந்தது 5 நாள், 6 முதல் 8 வாரம். மூச்சை வேகமாக இழுத்து, மெதுவாக விட வேண்டும். அவசரப்பட்டு அடுத்தடுத்து இழுத்தால் தலை சுற்றும். அப்போது பத்துப் பத்தாகப் பிரித்துச் செய்யலாம். சுலபமாகிவிட்டது என்றால் வாரத்துக்கு 2 செ.மீ. கூட்டலாம். ஒரே அளவில் ஆறு வாரம் ஓட்டினால் பயன் பாதியில் நின்றுவிடும். கண் ஆபரேஷன், வயிறு அல்லது நெஞ்சு ஆபரேஷன் அண்மையில் ஆனவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த வரலாறு உள்ளவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது. முகாமில் கண்புரை எடுத்துவந்த கையோடு இதை ஆரம்பித்துவிடாதீர்கள்.

கருவி இல்லாதவர் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை ஒரு தடவைக்கு 8 முதல் 10 என்று மூன்று தடவை செய்யலாம். வாய்விட்டுத் தேவாரம் பாடுவது மூச்சை நிதானமாக விடப் பழக்கும். சளியை மேலே கொண்டுவர, கண்ணாடியில் ஆவி படிய 'ஹா' என்று ஊதுவதுபோலத் தொண்டையைத் திறந்து இரண்டு முறை ஊதி, பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு தரம் இருமினால் போதும். வரிசையாக இருமுவது தசையைக் களைக்க வைக்கும். காய்ச்சலோ இடுப்பு எலும்பு முறிவோ வந்தால் "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று நாள் முழுவதும் மட்டமாகக் கிடத்துவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தீங்கு. மருத்துவர் தடுத்திருந்தால் ஒழிய, சாப்பிடும் வேளைகளிலாவது கட்டாயம் உட்கார வையுங்கள்.

தசைக்குப் புரதம் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 50 கிலோ உடம்புக்கு 50 முதல் 60 கிராம். மூன்று வேளையும் சோறும் ரசமும் கஞ்சியும் என்றால் இதில் பாதிகூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல், நூறு கிராம் மீனில் 18 முதல் 20 கிராம். சைவக்காரர்களுக்குச் சம்பா வயலில் அறுப்புக்கு முன் தெளித்து எடுக்கும் உளுந்தும் பயறும் இருக்கின்றன. உளுந்தில் நூறு கிராமுக்கு 24 கிராம் அளவில் புரதம். அத்தனையையும் விற்றுவிடாமல் ஒரு மரக்காலாவது வீட்டுப் பெரியவருக்கென்று வைத்து, உளுந்தங்கஞ்சியாகவோ சுண்டலாகவோ கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். வரும்போது கால் கைக்கு மட்டும் பயிற்சி கேட்காமல், இருமலையும் மூச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி அளக்கும்போது அதே கருவி, அதே நாற்காலி, அதே வேளை இருக்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு அளந்தால் எண் குறைந்து தெரியும்.