குளுக்கோஸ் பாட்டிலில் இல்லாத தெம்பு

“உடம்பைத் தூக்கவே முடியல டாக்டர். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க.”

கும்பகோணத்தில் பொது மருத்துவராக இருக்கும் நான் இதைக் கேட்காத வாரமே கிடையாது. அன்று இதைச் சொன்னவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆனவர். வயது 61. கையில் நாடா கட்டிய ஃபைல். அதில் ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஈசிஜி, எக்கோ எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. சர்க்கரை மட்டும் எல்லைக்கோட்டில் நின்றது. மற்றவை சரியாகத்தான் இருந்தன. “எல்லாம் நார்மல்னு சொல்றாங்க. அப்போ எனக்கு ஏன் இந்த அசதி?” என்றார். நியாயமான கேள்வி.

“நேத்து காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க சார்” என்றேன்.

காபி, பேப்பர், டிபன், டிவி. சாப்பாடு, தூக்கம், டீ. பிறகு செல்போன், மறுபடி டிவி, சாப்பாடு. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “அவ்வளவுதான் சார்” என்று நிறுத்திவிட்டு ஃபைலின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மாவைத் தவிர வேறு யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். பால்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

குளுக்கோஸ் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் சாதாரணமாக ஏற்றும் அரை லிட்டர் பாட்டிலில் இருக்கும் சர்க்கரை 25 கிராம். டீ ஸ்பூனில் அள்ளினால் ஐந்தாறு ஸ்பூன் வரும். அது தரும் சக்தி 100 கலோரிக்கும் குறைவு, இரண்டு இட்லிக்குச் சமம். வாந்தி பேதியில் நீர் வற்றிப்போனவருக்கு, வாயால் சாப்பிட முடியாதவருக்கு நரம்பில் திரவம் ஏற்றுவது உயிர் காக்கும் மருத்துவம். நன்றாகச் சாப்பிடுகிறவர் அசதிக்காக ஏற்றிக்கொண்டால் கிடைப்பது அந்த இரண்டு இட்லியும், ஒரு மணி நேரம் யாரோ நம்மைக் கவனித்தார்கள் என்ற ஆறுதலும்தான். அந்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. பலருக்கு அதுதான் தேவையாக இருக்கிறது. ஆனால் அதைக் கையில் ஊசி குத்தித்தான் பெற வேண்டுமா?

அசதி என்று வருகிறவரிடம் எடுத்த எடுப்பில் “வாக்கிங் போங்க” என்று சொல்வது தப்பு. முதலில் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் எட்டில் இருக்கும் ஒரு பெண்ணை மைதானத்துக்கு அனுப்புவது அநியாயம். தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, காசநோய், இதயக் கோளாறு, இரவில் குறட்டையோடு மூச்சு தடைபடுவது இவற்றில் எது இருந்தாலும் முதல் அறிகுறி அசதியாக இருக்கலாம். மனச்சோர்வு நோயும் அப்படித்தான். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் போய்விட்டது, இருந்தென்ன போயென்ன என்று தோன்றுகிறது என்றால் அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒன்றும் அகப்படாமல், ஆனால் உண்மையிலேயே ஓய்ந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்கள் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், துபாயில். நிலத்தில் நடவு மிஷினும் அறுப்பு மிஷினும் இறங்கிவிட்டன. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் ஊரே குறுவைக்கு இறங்கிய காலம் போய், தண்ணீர் வருவதைச் செல்போனில் பார்க்கிற காலம். அசதி என்றால் சக்தி தீர்ந்துவிட்டது, இனி சேமிக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் படுக்கிறார்கள். படுக்கப் படுக்க அசதி ஏறுகிறது.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். உடம்பு விஷயத்தில் அது அப்படியே உண்மை. நம் தசையின் ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் இருக்கின்றன. சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுவது அவைதான். அமெரிக்காவில் ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் ஓடப் பழக்கி, அவற்றின் கால் தசைகளைச் சோதித்தார். சும்மா இருந்த எலிகளோடு ஒப்பிட்டால் ஓடிய எலிகளின் தசையில் அந்த அடுப்புகளின் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. 1967இல் வெளியான ஆய்வு அது. மனிதர்களிடமும் இதே போக்கைப் பிறகு கண்டார்கள். இன்னொன்றும் உண்டு. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறுவது மட்டுப்படுவதற்கு இதுதான் காரணம். எல்லைக்கோட்டில் நிற்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி. மிதமான உழைப்பு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

ஆனால் அந்த 61 வயதுக்காரரிடம் நான் நிமிடக் கணக்கைச் சொல்லவில்லை. ஏற்கனவே இரண்டு பேர் சொல்லி, அவரும் மாடியில் எட்டுப் போட்டு நடந்து, ஒன்பதாம் நாள் விட்டிருந்தார். அதனால் “சின்ன வயசுல என்ன சார் விளையாடுவீங்க?” என்று கேட்டேன். நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது. “பூப்பந்து.”

தஞ்சை மண்ணுக்குச் சொந்தமான ஆட்டம் அது. மராட்டிய அரச குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் விளையாடத் தொடங்கியது என்று சொல்வார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், அடித்த பந்து தரையில் படக் கூடாது. கல்லூரி அணியில் நடு ஆட்டக்காரராக இருந்தாராம். பந்து எந்தப் பக்கம் வரும் என்பது எதிராளியின் தோளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சொல்லும்போது, நாற்காலியின் விளிம்புக்கு வந்து வலது கையை மட்டை பிடிப்பதுபோல வைத்துக்கொண்டார். அசதி என்று சொல்லி உள்ளே வந்த மனிதர்தான் அவர்.

விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் இருக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நடைப்பயிற்சிக்கு நாம் வராவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். பூப்பந்தில் ஒருவர் குறைந்தால் ஆட்டமே நடக்காது. ஐந்தாவது ஆளாக ஒருவர் தேவைப்படுகிறார் என்பது அறுபது வயதில் எவ்வளவு பெரிய விஷயம்! மன்னார்குடி பக்கம் வடுவூரில் கபடி ஊரோடு கலந்த ஒன்று. அங்கே ஆடுகிறவர்களைவிடச் சுற்றி நின்று வயதானவர்கள் போடும் சத்தமே பலமாக இருக்கும். அவர்களுக்கும் அந்த மாலை நேரம் ஒரு மருந்துதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இருபது வருட இடைவெளிக்குப் பிறகு திடீரென மைதானத்தில் குதிக்கக் கூடாது. ஒரு மாதமாவது வேகநடை நடந்து, கெண்டைக்காலையும் தொடையையும் தயார்செய்துகொண்டு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கையில் வலி, வழக்கமில்லாத வியர்வை வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சித்திரை வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் வெயிலில் நடக்க வேண்டாம். பொழுது சாய்ந்தபின் ஆற்றங்கரையிலோ வரப்பிலோ நடந்தால் டார்ச் லைட் இல்லாமல் போகாதீர்கள். பாம்புக் கடி எங்கள் பகுதியில் சாதாரணமாக வருகிறது.

அப்புறம் இசை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் 67 வயது அம்மா ஒருவர். நாற்பது வருடம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். முட்டி தேய்ந்துபோய் வேலையை விட்டபின் பேச்சே குறைந்துவிட்டது என்று மருமகள் அழைத்துவந்தார். கேட்டதற்கெல்லாம் “ஆமாங்கய்யா”, “இல்லைங்கய்யா” என்பதோடு சரி. ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே “நடவுல பாட்டு பாடுவீங்களாம்மா?” என்றேன். “இப்ப யாரு கேக்குறா” என்றார். மருமகள், “பாடுங்க அத்தே” என்றார்.

முதலில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. இரண்டாவது அடியில் குரல் திறந்துகொண்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் கையை. இடது கை ஒரு நாற்று முடியைப் பிடித்திருப்பதுபோல மார்புக்குப் பக்கத்தில் குவிந்திருந்தது. வலது கையின் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துப் பிரித்துக் கீழே குத்திக்கொண்டிருந்தன, தாளம் தப்பாமல். பாட்டு நின்றதும் கையும் நின்றது. வெளியே வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் கதவோரம் வந்து நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் குலவையிட்டார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மருமகள் அழுதுவிட்டார்.

பாடும்போது மூச்சைச் சட்டென்று இழுத்து மெல்ல மெல்ல விடுகிறோம். மூச்சை வெளியே விடும் நேரத்தில் வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பைச் சற்றுத் தணிக்கிறது. ஒரு நீண்ட அடியைப் பாடி முடிப்பது, நமக்குத் தெரியாமலே செய்யும் மூச்சுப்பயிற்சி. நான்கு பேர் சேர்ந்து பாடினால் மூச்சும் ஒன்றாகிறது. தை மாதம் திருவையாற்றில் ஆராதனையன்று காவிரிக்கரையில் வரிசையாக உட்கார்ந்து பாடுகிறவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராகம் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. மார்கழி பஜனை, சர்ச்சில் பாடகர் குழு, கும்மி, கோலாட்டம் என எதுவானாலும் வாயைத் திறந்து, கையை அசைத்து, மற்றவர்களோடு சேர வேண்டும். காதில் மாட்டிக் கேட்பதும் நல்லதுதான். ஆனால் பாடுவது வேறு.

கொடுப்பதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம். எங்கள் ஊரில் அன்னதானம், நீர்மோர்ப் பந்தல் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே கொடுக்கிறார்கள். 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் எலிசபெத் டன் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வில், காலையில் சிலருக்குப் பணம் கொடுத்து, பாதிப் பேரை அன்றைக்குள் தமக்காகவும் மீதிப் பேரை அடுத்தவருக்காகவும் செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தவர்கள் அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள். கொடுத்த தொகை ஐந்து டாலரா இருபது டாலரா என்பது அதில் வித்தியாசம் காட்டவில்லை.

நான் இதை நேரில் பார்த்தது 2018 நவம்பரில், கஜா புயலுக்குப் பிறகு. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். இருநூறு தென்னையும் சாய்ந்துபோன ஒரு விவசாயி, இரண்டு நாளாகச் சாப்பிடாமல் தாழ்வாரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் என்ன சொல்லியும் எழுந்திருக்கவில்லை. பொதுச் சமையலில் இருந்த ஒரு பாட்டி அவர் முன்னால் ஒரு கூடை வெங்காயத்தை வைத்து, “ஆளு பத்தல, உரிச்சுக் குடுய்யா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கூடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உரிக்க ஆரம்பித்தார். அன்று இரவு பந்தியில் சாம்பார் வாளியோடு வந்து எனக்குப் பரிமாறியவர் அவர்தான். அவருடைய தென்னை திரும்பவில்லை. ஆனால் அவர் சாப்பிட்டார், தூங்கினார்.

இதைப் படிக்கும் பெண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். விடிகாலையிலிருந்து வீட்டுக்கு, மாமியாருக்கு, பிள்ளைகளுக்கு என்று கொடுத்துக்கொண்டே இருப்பவரிடம் “இன்னும் கொடுங்கள், தெம்பு வரும்” என்று நான் சொல்ல மாட்டேன். விரும்பிக் கொடுப்பது ஊறும். வேறு வழியில்லாமல் கொடுப்பது வற்றவைக்கும். அப்படிப்பட்டவருக்கு மருந்து, யாராவது ஒரு மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, இவர் கோலாட்டத்துக்குப் போய்விட்டு வருவது. வயலில் பகல் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவருக்கும் நடைப்பயிற்சி தேவையில்லை. இரும்புச்சத்தும் நல்ல சாப்பாடும் படுக்க நேரமும்தான் வேண்டும்.

அந்த வங்கிக்காரர் ஆறு வாரம் கழித்து வந்தார். ஒரு மாதம் அரசலாற்றங்கரையில் வேகநடை, பிறகு பழைய நண்பர்கள் இருவரைத் தேடிப்பிடித்துப் பள்ளி மைதானத்தில் ஆட்டம். ஆள் பற்றாக்குறைக்கு ப்ளஸ் ஒன் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுத் தருகிறாராம். அசதி முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டேன். சில நாள் மத்தியானம் வருகிறது, மாலையில் மைதானத்துக்குப் போனால் மறந்துவிடுகிறது என்றார். வலது தோளில் லேசான வலி இருந்தது. அதற்கு ஒத்தடமும் இரண்டு பயிற்சியும் சொல்லி, சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு சனிக்கிழமை மாலை வரச் சொன்னேன்.

“சனிக்கிழமை வேணாம் சார். பாபநாசத்துல இருந்து ஒரு டீம் வருது. பசங்க என்னை நம்பி இருக்காங்க. திங்கட்கிழமை வந்துடறேன்.”

சீட்டில் திங்கட்கிழமை என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன்.